ஓட்டைப் புறக்கணிப்பதா, ரோட்டில் உட்காருவதா: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில் தம்பிகள் ஒரு ஃபிளெக்ஸ் மாதிரியைச் செல்போனில் காட்டினார்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து: ‘சாலை இல்லை, ஓட்டு இல்லை’. அடுத்த தேர்தலுக்கு முன்னால் தார் ரோடு பிரியும் இடத்தில் இதைக் கட்டிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. பெரியவர்களுக்கு வேறு எண்ணம். கோடை விழா நேரத்தில் மலைப்பாதையில் உட்கார்ந்தால் கலெக்டரே வருவார் என்கிறார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. “மனு கொடுத்தாச்சு, மறியல் பண்ணியாச்சு, ஓட்டும் போட்டாச்சு. இதுல எது நமக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தது?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஏற்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன். பதினைந்து வருஷமாக இந்த மலையின் குறைகள் என் கைவழியாகத்தான் கீழே இறங்குகின்றன. அதனால் ஒவ்வொரு வழியும் எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பது ஓரளவு தெரியும்.

எங்கள் ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இரண்டரை கிலோமீட்டர் மண்பாதை. பாதி வனத்துறை நிலம். மழைக்காலத்தில் ஒரு இரவு என் அத்தைக்கு நெஞ்சு அடைத்தது. மூங்கில் கழியில் போர்வையைத் தூளி கட்டி, நான்கு பேர் தோள் மாற்றி மாற்றித் தூக்கினோம். முன்னால் ஒரு பையன் டார்ச் பிடித்துக்கொண்டு ஓடினான். கால் வழுக்கும்போதெல்லாம் கழி தோளில் இடித்து எலும்பு வரை வலித்தது. தார் ரோட்டில் 108 வண்டி விளக்கு சுழன்றுகொண்டு நின்றது. எங்களுக்காக அரை மணி நேரமாக நிற்கிறது என்றார்கள். அத்தை பிழைத்தார். ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு மரத்தில் பட்டுப் பட்டுச் சுழன்றதை இன்னும் மறக்க முடியவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களின் வண்டியும் அதே இடம் வரைதான் வரும். அங்கேயே நின்று, எங்களை அங்கே வரச்சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு அடிப்படை உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ.வை ஐந்து வருஷத்துக்கு நடுவில் திரும்ப அழைக்கும் உரிமை நம் சட்டத்தில் இல்லை. தேர்தல் நாளில் ஓட்டு, மற்ற நாட்களில் நெருக்கடி. நம் கையில் இருப்பது இந்த இரண்டுதான். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் அளக்கிறேன்: அன்றைய பொழுது முடிந்து வீடு திரும்பும்போது நம் கையில் என்ன காகிதம் இருக்கும்? அடுத்த முறை அவர் வந்து நிற்கும்போது எடுத்து நீட்டக்கூடிய காகிதம்.

புறக்கணிப்பு, நோட்டா, நாமே நிற்பது

தம்பிகளின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

ஏற்காடு தொகுதி என்று பெயர் இருந்தாலும் வாக்காளர்களில் பெரும்பங்கு கீழேதான் இருக்கிறார்கள், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம். 2013 டிசம்பரில் இங்கே இடைத்தேர்தல் நடந்தபோது பதிவான ஓட்டு 2 லட்சத்தைத் தாண்டியது. நூற்றுக்கு 89 பேர் போட்டார்கள். ஜெயித்தவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் 78 ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பெருவெள்ளத்தில் எங்கள் ஊரின் முந்நூறு ஓட்டு விழாமல் போனால் யாருக்குத் தெரியும்? குறைந்தது இத்தனை சதவீதம் பதிவாக வேண்டும் என்ற விதியும் கிடையாது. பத்துப் பேர் போட்டாலும் அந்தப் பத்தில் அதிகம் வாங்கியவர் எம்.எல்.ஏ. தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். புறக்கணிப்புப் பேனர் எப்போது கட்டுகிறோம்? தேர்தல் தேதி அறிவித்த பிறகு. அறிவித்த அன்றைக்கே தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிடுகிறது. 2021-ல் பிப்ரவரி 26-ம் தேதி அறிவித்தார்கள், ஏப்ரல் 6-ல் ஓட்டுப்பதிவு. நடுவில் இருந்த அந்த நாற்பது நாளில் புதிதாக ஒரு சாலையை அறிவிக்கவோ நிதி ஒதுக்கவோ அரசாங்கத்துக்கு வழியில்லை. பேனரைப் பார்த்து தாசில்தார் வருவார். “தேர்தல் முடியட்டும், கட்டாயம் பார்க்கலாம்” என்பார். அவர் சொல்வது பொய் இல்லை, அந்தச் சமயத்தில் அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். நாமும் கடைசி இரண்டு மணி நேரத்தில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவோம். காகிதம் எதுவும் கிடைத்திருக்காது.

சரி, ‘யாருக்கும் இல்லை’ என்று அழுத்தும் நோட்டா? உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27-ல் அந்தப் பொத்தானை வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அது முதன்முதலாக வந்தது எங்கள் ஏற்காடு இடைத்தேர்தலில்தான். நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அழுத்தினார்கள். அதற்கு முன்பு 49-ஓ என்று ஒன்று இருந்தது. வாக்குச்சாவடி அலுவலரிடம் போய், ஏஜென்ட்டுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, “யாருக்கும் போடவில்லை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வகையில் நோட்டா நல்லது, ரகசியம் காக்கிறது. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர். அந்த நான்காயிரம் பேர் எதற்காக அழுத்தினார்கள்? சாலைக்காகவா, சாதிச் சான்றிதழுக்காகவா, காப்பி விலைக்காகவா? தெரியாது. அந்தப் பொத்தானில் காரணம் எழுத இடமில்லை.

நாமே ஒருவரை நிறுத்தினால் என்ன என்றும் ஒரு குரல் வந்தது. பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு, சேந்தமங்கலமும் நம் ஏற்காடும். நம்மில் ஒருவர் நிற்க முழு உரிமை உண்டு. டெபாசிட் 5 ஆயிரம் ரூபாய், முன்மொழியப் பத்துப் பேர். ஆனால் டெபாசிட்டைத் திரும்ப வாங்கவே பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். 2013 கணக்குக்கு அது முப்பதாயிரத்துக்கு மேல். பக்கத்தில் ஈரோட்டு மொடக்குறிச்சியில் 1996-ல் இதைத்தான் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனுத்தாக்கல் செய்து, ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டே புத்தகம் போல ஆனது. தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது உண்மை. அப்புறம் நடந்தது என்ன? 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5 ஆயிரமாக்கினார்கள், சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிபவர் என்றும் ஆக்கினார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் முந்நூறு ஓட்டு உள்ள ஊர் தனியாக எடுக்கக்கூடிய வழி இது இல்லை.

ரோட்டில் உட்காருவது

மறியலைப் பற்றி எனக்குக் கலந்த எண்ணம். மறியல் செய்த அன்றைக்கே அதிகாரி வருகிறார். மனு கொடுத்தால் வராதவர், மறியல் என்றால் ஒரு மணி நேரத்தில் வருகிறார். இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் நம் மலைப்பாதையை யோசித்துப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் நாம் உட்கார்ந்தால் மேலே வரும் பாலும் காய்கறியும் நின்றுவிடும், கீழே போகும் கர்ப்பிணியும் நின்றுவிடுவாள். அத்தையைத் தூளியில் தூக்கிப் போன நாம் இன்னொருவர் வீட்டு ஆம்புலன்ஸை நிறுத்தக்கூடாது. குப்பனூர் வழி இருக்கிறதே என்று சொல்வீர்கள். அது சுற்றுவழி, அதுவும் மலைப்பாதைதான்.

அப்புறம் வழக்கு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறியிருக்கின்றன, விஷயம் மாறவில்லை. சட்டவிரோதக் கூட்டம், வழியை மறித்தது என்று எழுதுவார்கள். மாலையில் மண்டபத்திலிருந்து விட்டுவிடுவார்கள், ஆனால் எஃப்.ஐ.ஆரில் பெயர் நிற்கும். எங்கள் ஊரில் போலீஸ் வேலைக்கும் வனக்காவலர் வேலைக்கும் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஊரில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நிற்பது எனக்குச் சம்மதமில்லை.

மறியலில் நாம் தொடர்ந்து செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. அதிகாரி வந்து “பத்து நாளில் செய்கிறோம்” என்றதும் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் தண்ணீருக்காக உட்கார்ந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாய்ச்சொல் வாங்கி வந்தோம். மூன்று மாதத்தில் அந்த அதிகாரிக்கு மாறுதல். அடுத்து வந்தவர், “அப்படி ஒன்றும் கோப்பில் இல்லையே” என்றார். தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்று கேட்டு, பேசியதை நடவடிக்கைக் குறிப்பாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். அது இல்லாத மறியலில் ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

போராட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மாவட்டத்திலேயே இரண்டு பெரிய பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது எட்டு வழிச்சாலை. 2018-ல் சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவே சுமார் 277 கிலோமீட்டர், 10 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம். சேலம் மாவட்டத்தில் மஞ்சவாடிக் கணவாயிலிருந்து நம் மலையின் அடிவாரத்தை ஒட்டி இறங்கி அரியானூர் வரை. வயலில் கல் நட வந்தபோது பெண்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். வீடுகளில் கறுப்புக்கொடி ஏறியது. பேசியவர்களைக் கைது செய்தார்கள். அப்போதைய முதல்வர் இதே மாவட்டத்தின் எடப்பாடித் தொகுதிக்காரர், திட்டத்தை ஆதரித்தே பேசினார். ஆனால் அந்த விவசாயிகள் அழுததோடு நிற்கவில்லை. ஆட்சேபனை மனு எழுதிக் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. பத்து நாளில் நாடாளுமன்றத் தேர்தல். சேலம் தொகுதியில் அந்த முதல்வரின் கட்சி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது.

இதோடு கதை முடிந்திருந்தால் போராட்டமும் ஓட்டும் கைகோத்து ஜெயித்தன என்று எழுதிவிடலாம். முடியவில்லை. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றி, அரசு மேற்கொண்டு போகலாம் என்றது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10-ஐ அதே கட்சியின் கூட்டணி பிடித்தது. எடப்பாடியில் வித்தியாசம் 90 ஆயிரத்துக்கு மேல். அப்படியானால் மக்கள் சாலையை ஏற்றுக்கொண்டார்களா? யாராலும் சொல்ல முடியாது. நிலம் போகிறவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதே தொகுதியில் சாலை தொடாத நூறு ஊர்க்காரனுக்குச் சொந்த மாவட்டத்து முதல்வர், கட்சி, சாதி, கூட்டணி, கடன் தள்ளுபடி என்று வேறு கணக்குகள் இருக்கும். எல்லாம் ஒரே பொத்தானில் விழுகின்றன. ஓட்டு ஆளை மாற்றும், ஆனால் எதற்காக மாற்றியது என்பதை அது சொல்வதில்லை. அதை நாம்தான் முன்கூட்டியே எழுதி ஊரறியச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பாடம் சசிபெருமாள். சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி, மதுக்கடைகளுக்கு எதிராக வருஷக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பட்டினி கிடந்தவர். 2015 ஜூலை 31-ல் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை மூடச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்றபோது உயிரை விட்டார். மாநிலம் முழுக்கப் போராட்டம் வெடித்தது. கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த வருஷம். 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளின் தேர்தல் அறிக்கையிலும் மதுவிலக்கு ஏறியது. பதவியேற்ற நாளில் ஜெயலலிதா கையெழுத்திட்ட கோப்புகளில் 500 கடைகளை மூடுவதும் ஒன்று. 2017-ல் இன்னொரு 500, 2023-ல் வேறு ஆட்சியில் இன்னும் 500. முழு மதுவிலக்கு வரவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் ஒரு கோரிக்கை தெருவிலிருந்து அறிக்கைக்கும், அறிக்கையிலிருந்து கோப்புக்கும் போன தடம் இதில் தெளிவாகத் தெரிகிறது. தேர்தலுக்கு ஒன்பது பத்து மாதம் முன்பு எழுந்த போராட்டம் அது. அறிக்கை எழுதுகிறவர்கள் காதில் விழும் காலம். நடத்தை விதி வந்தபின் கட்டும் பேனருக்கு அந்தக் காலம் கிடைப்பதில்லை.

மனு

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், என் பிழைப்பு இதில் இருக்கிறது என்றாலும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவும், முதல்வர் உதவி எண் 1100-க்குப் பேசிப் பதியும் மனுவும் ஒரே பாதையில் போகின்றன. மேலே பதிவாகும், எண் வரும், பிறகு யார் செய்யவில்லை என்று புகார் சொன்னோமோ அதே அலுவலகத்துக்கு இறங்கி வரும். ‘நிதி ஆதாரம் பெறப்பட்டதும் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் மாதிரி தனி ஆள் விஷயத்துக்கு மனு போதும், பலிக்கிறது. ஊர்ச் சாலைக்குத் தனியாக அது போதாது. ஆனால் அந்த எண்ணையும் பதிலையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு பதில் என்றாலும் அரசு முத்திரை வைத்த காகிதம் அது.

தீர்மான நோட்டுப் புத்தகம்

இப்போது நான் அதிக நேரம் பேச விரும்பும் வழிக்கு வருகிறேன். கிராம சபை. நம் ஊரில் அதற்கு மரியாதை இல்லை. நூறு நாள் வேலைக்காரர்களை உட்கார வைத்து, முன்பே எழுதிய தீர்மானத்தில் கையெழுத்து வாங்கி, டீயும் பன்னும் கொடுத்து அனுப்பும் கூட்டம் என்றுதான் பார்த்திருக்கிறோம். ஆனால் சாலைக்கு நடுவில் காடு இருக்கும் நமக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் சாவி. ஏன் என்று சொல்கிறேன்.

நம் பாதையில் பாதி வனநிலம். ‘காட்டில் ரோடு போட டெல்லி அனுமதி வேண்டும்’ என்று சொல்லித்தான் இத்தனை வருஷம் நம்மை அனுப்பினார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு வேறு சொல்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என்று 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் என்றால், மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே அனுமதி தரலாம். அதற்கு முதல் தேவை கிராம சபையின் பரிந்துரை. அதாவது எம்.எல்.ஏ. நாளைக்கே மனம் மாறி நிதி ஒதுக்கினாலும், நம் சபைத் தீர்மானம் இல்லாமல் அந்தக் கோப்பு ரேஞ்சர் மேஜையைத் தாண்டாது. இரண்டரை கிலோமீட்டரில் பாதி காடு, பாதை அகலம் மூன்றே முக்கால் மீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அரை ஹெக்டேர்கூட வராது. நாம் அந்த அளவுக்குள்தான் இருக்கிறோம்.

வன உரிமைக்கான சபை என்றால் உறுப்பினர்களில் பாதிப் பேராவது உட்கார வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். நம் பெண்கள் வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண்களைத்தான் டவுனிலிருந்து கூட்டி வர வேண்டும். வழக்கமான கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லை என்று கைவிரிக்கவும் முடியாது. 2025 ஜனவரி 5-ல் நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தபோதும் சபை கூடத்தான் செய்தது.

தீர்மானத்தை நாமே எழுதிக்கொண்டு போக வேண்டும். சர்வே எண், நீளம், அகலம், எத்தனை வீடு, எத்தனை பள்ளிக் குழந்தை. ‘சாலை வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் அது அலமாரியில் தூங்கும். ‘வன உரிமைச் சட்டம் 3(2)-ன்படி பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய மேஜை ஒன்று இருக்கிறது. பேனா பிடித்திருப்பவரிடம் பணிவாக, ஆனால் விடாமல் அந்த வரியைச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தைப் போட்டோ எடுங்கள்.

எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது

இத்தனை வருஷம் நாம் எம்.எல்.ஏ.விடம் ரோடு கேட்டோம். அவர் கலெக்டரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவர் வேலை எது, அதை எப்படிச் சரிபார்ப்பது என்று நாம் யோசித்ததே இல்லை. அவர் கையில் இரண்டு விஷயம் நேராக இருக்கிறது.

ஒன்று தொகுதி மேம்பாட்டு நிதி, வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். எந்தெந்த வேலைக்கு, எந்த ஊருக்கு, எத்தனை ரூபாய் என்ற பட்டியல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மலைக்கு எவ்வளவு வந்தது, கீழே எவ்வளவு போனது என்று அந்தப் பட்டியலை வைத்து ஒரு மணி நேரத்தில் கூட்டிப் பார்த்துவிடலாம். “எதுவுமே செய்யவில்லை” என்று திட்டினால் அவர் சிரித்துவிட்டுப் போவார். ‘ஐந்து வருஷப் பட்டியலில் எங்கள் ஊராட்சியின் பெயர் இத்தனை முறைதான் இருக்கிறது’ என்று நீட்டினால் நின்று பதில் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு சட்டமன்றம். கேள்வி நேரத்தில் கேட்கலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டு வரலாம், நெடுஞ்சாலைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் தங்கள் செலவுக்குச் சபையில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது எழுந்து பேசலாம். அமைச்சர் சபையில் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறும். பத்து மறியலில் வாங்கும் வாய்ச்சொல்லைவிட அந்தக் குறிப்பில் ஏறும் ஒரு வரிக்கு எடை அதிகம். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றாலும் இதைச் செய்ய முடியும். “நான் ஆளுங்கட்சி இல்லையே, என்னால் என்ன முடியும்?” என்ற சாக்கு இந்த இடத்தில் செல்லாது. 2022-ல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் பத்து முக்கியத் தேவைகளைப் பட்டியலாகக் கேட்டார்கள். அந்தப் பத்தில் மலை ஊர்களின் பாதை எத்தனை என்று அப்போது நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி ஓட்டு

ஓட்டைப் போடுங்கள், முந்நூறும் விழட்டும். நம் வாக்குச்சாவடியில் எந்த இயந்திரத்தில் எத்தனை விழுந்தது என்று கட்சிக்காரர்கள் படிவத்தில் குறித்துக்கொண்டு போகிறார்கள். முந்நூறில் இருநூற்றைம்பது விழுந்த ஊர் அவர்கள் கணக்கில் இருக்கும். பூஜ்யம் விழுந்த ஊரை அடுத்த முறை சுற்றுப்பயணப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

காசு விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். வாங்கிவிட்டால் கேட்கும் வாய் போய்விடுகிறது. வறுமையில் வாங்கியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊராகச் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தால் தனி ஆளின் மீது பாரம் விழாது. நம் முன்னோர் நாட்டுக்கூட்டம் கூடி எடுத்த முடிவுக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள். யாருக்கு ஓட்டு என்பது அவரவர் ரகசியம், அதில் ஊர் தலையிடவே கூடாது. எதைக் கேட்பது என்பதில் மட்டும் ஊர் ஒன்றாக நிற்கட்டும்.

போட்டியிடும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரே கடிதம் கொடுக்கலாம். மூன்றே கேள்வி: முதல் வருஷ நிதியில் எங்கள் பாதையைச் சேர்ப்பீர்களா, முதல் கூட்டத்தொடரிலேயே சபையில் கேட்பீர்களா, வருஷத்துக்கு ஒரு கிராம சபைக்கு நேரில் வருவீர்களா? கையெழுத்துப் போட்டவர், போடாதவர் பெயரைக் கோயில் சுவரில் ஒட்டிவிடலாம். கீழே அடிவாரத்து ஊர்களும் இதே மூன்று கேள்வியைக் கேட்டால் நம் முந்நூறு மூவாயிரமாகும். சாலை இல்லாத ஊர் நாம் மட்டும் இல்லை, மலையில் இன்னும் இருக்கின்றன.

ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டும், ஆனால் மலைப்பாதையில் வேண்டாம். முறையாக எழுதிக் கொடுத்து, வாழப்பாடியிலோ சேலம் கலெக்டர் அலுவலகம் முன்போ, பட்ஜெட்டுக்கு முந்திய கார்த்திகை, மார்கழியில். தூளிக் கழியைத் தோளில் எடுத்துக்கொண்டு போவோம். அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார். தீர்மான நகலும் ஆர்.டி.ஐ. பதிலும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

அதனால் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபிளெக்ஸ் அடிக்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு ஐம்பது மீட்டர் டேப் வாங்குங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயில் முன்னால் கூடி, தார் ரோடு வரை பாதையை அளந்து எழுதுவோம். எங்கே காடு தொடங்குகிறது, எத்தனை மரம் நடுவில் நிற்கிறது என்று எண்ணுவோம். ஆர்.டி.ஐ. விண்ணப்பத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு ஒரு ஆள் வேண்டும், முடிந்தால் பெண்களில் ஒருவர்.